கிணற்றுக்குச் சுவர் எழுப்பிய கொல்லிமலை பிராண்ட்

வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட மலை கொல்லிமலை. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் அந்த மலைக்கு அழகு சேர்க்கின்றன. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு பஸ் மேலே ஏறுகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பாதை இல்லை. காட்டு வழியே நடந்துதான் ஏற வேண்டும். மலைக்காய்ச்சலுக்குப் பயந்து, அடிவாரத்து மக்கள் அங்கே ஓர் இரவு தங்கவும் தயங்கினார்கள்.

மலை மேலே வாழவந்தி நாடு, திருப்புலி நாடு, வளப்பூர் நாடு என்று பல நாடுகள் உண்டு. அவற்றில் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். அவர்கள் பேசுவது தமிழ். அந்த மக்களுக்காகவே உழைத்து, அந்த மண்ணிலேயே உயிர் விட்ட ஓர் ஆங்கிலேயர் உண்டு. அவர்தான் ஜெஸ்ஸி மான் பிராண்ட்.

கட்டட வேலை கற்றவர்

பிராண்ட் 1885-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். கட்டட வேலை பழகியவர். கல், மரம், சுண்ணாம்பு எல்லாம் அவர் கைக்கு நன்றாகப் பழக்கம்.

கிறிஸ்தவ ஊழியம் செய்ய இந்தியாவுக்குப் போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதற்காக லண்டனில் லிவிங்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். வெப்ப நாடுகளுக்குப் போகும் ஊழியர்களுக்கு வைத்தியத்தின் ஆரம்பப் பாடங்களைச் சொல்லிக் கொடுத்த கல்லூரி அது. அங்கே ஏறக்குறைய ஓர் ஆண்டு படித்தார். டாக்டர் பட்டம் அவருக்கு இல்லை. அந்த ஓராண்டுப் படிப்புதான் அவருடைய வைத்தியச் சொத்து.

1907-இல் இந்தியா வந்தார். 1913-இல் ஈவ்லின் என்னும் லண்டன் பெண்ணை மணந்தார். வசதியான வீட்டில் வளர்ந்தவர் அந்த அம்மையார். மணம் முடிந்ததும் இருவரும் மலை ஏறினார்கள். வாழவந்தியில் பிராண்ட் தம் கையாலேயே கட்டிய மர வீடு காத்திருந்தது.

மக்கள் எடுத்த எடுப்பில் அவர்களை நம்பிவிடவில்லை. 1918, 1919 ஆண்டுகளில் விஷக்காய்ச்சல் உலகையே உலுக்கியது. கொல்லிமலையும் தப்பவில்லை. கணவனும் மனைவியும் குடிசை குடிசையாகச் சென்று கஞ்சி ஊட்டினார்கள். தங்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவருடைய வீட்டுக்கும் போனார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி தம் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அதன் பிறகு மக்களின் மனம் மெல்ல மெல்ல இளகியது.

காலில் எரியும் நெருப்பு

பிராண்டைத் தேடி வந்த நோயாளிகளில் பலருக்கு நரம்புச் சிலந்தி இருந்தது. பெயர் சிலந்தி என்றாலும், அது எட்டுக்கால் பூச்சி அல்ல. உருளைப்புழு இனத்தைச் சேர்ந்த ஒரு புழு. குழந்தைகளின் வயிற்றில் வளரும் நாக்குப்பூச்சியும், இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவும், யானைக்கால் நோயைத் தரும் புழுவும் இதற்கு உறவினர்களே.

பெண் நரம்புச் சிலந்தி சுமார் ஒரு மீட்டர் நீளம் வரை வளரும். தடிமன் ஒரு சேவை இழை அளவுதான். மனிதனின் உடலுக்குள் ஏறத்தாழ ஓர் ஆண்டு சத்தமில்லாமல் குடியிருக்கும். பிறகு, பெரும்பாலும் காலில், தோலுக்கு அடியில் வந்து நிற்கும். அந்த இடம் கொப்புளிக்கும். நெருப்பை வைத்தது போல் எரியும்.

இந்தப் புழுவைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பழைய வழி ஒன்றுதான் உண்டு. வெளியே தலை நீட்டும் புழுவை ஒரு சிறு குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். முழுவதும் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு இழுத்தால் புழு அறுந்துபோகும். உள்ளே நின்ற பகுதி சீழ் பிடித்து, காலையே முடக்கிவிடும்.

பிராண்ட் பொறுமையாகக் குச்சியில் சுற்றினார். சீழைக் கீறி எடுத்துக் கட்டுப் போட்டார். ஆனால் ஒருவர் குணமாகிப் போனால் இன்னொருவர் நொண்டிக்கொண்டு வந்தார். நடவுக்கும் அறுவடைக்கும் போக வேண்டிய உழவர் திண்ணையில் முடங்கினால், அந்த வீட்டில் அடுப்பு எரிவது எப்படி?

நோய் பிறக்கும் இடம்

இந்தப் புழு எங்கிருந்து வருகிறது என்பதை ரஷ்ய விஞ்ஞானி பெட்சென்கோ 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டுபிடித்திருந்தார். அது வருவது குடிதண்ணீரில் இருந்து!

எரிச்சல் தாங்காத நோயாளி காலைத் தண்ணீரில் வைக்கிறார். உடனே கொப்புளம் உடைந்து, ஆயிரக்கணக்கான குட்டிப் புழுக்கள் தண்ணீரில் கொட்டுகின்றன. சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய நீர்ப்பூச்சி அவற்றை விழுங்குகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் பூச்சியையும் சேர்த்து விழுங்குகிறார். அடுத்த ஆண்டு அவர் காலில் கொப்புளம் கிளம்புகிறது.

மலையில் மக்கள் தண்ணீருக்குள் இறங்கி நின்றுதான் குடம் நிரப்பினார்கள். புண்ணுள்ள காலும் அதே தண்ணீரில். குடிக்கும் குடமும் அதே தண்ணீரில்.

இங்கேதான் பிராண்டின் பழைய தொழில் கை கொடுத்தது. வைத்தியரின் கத்தியால் முடியாததைக் கொத்தனாரின் கரண்டி செய்தது. கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பச் சொன்னார். சுவர் இருந்தால் யாரும் உள்ளே கால் வைக்க முடியாது; மேலே நின்றுதான் இறைக்க வேண்டும். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கவும் கற்றுக் கொடுத்தார். துணியில் நீர்ப்பூச்சி தங்கிவிடும். இவ்வளவுதான் வைத்தியம். கால் படாத கிணற்றில் புழுவின் வம்சம் அறுந்தது.

தந்திக்குப் பின் வந்த கடிதம்

1923-இல் பிராண்ட் தம் மகன் பாலையும் மகள் கானியையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டு வந்தார். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. அதன் பிறகு தந்தையும் மகனும் நேரில் சந்திக்கவே இல்லை. கடிதங்கள்தான் அவர்களை இணைத்தன.

1929 ஜூன் மாதம், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல் பிராண்டைத் தாக்கியது. எத்தனையோ பேரைக் காப்பாற்றியவரைக் காப்பாற்ற வழியில்லை. வாழவந்தியிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

மரணச் செய்தி தந்தியில் பறந்தது. ஆனால் அவர் முன்பே எழுதிய கடிதங்கள் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்தன. தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்த பிறகும், அவர் கையெழுத்துக் கடிதங்கள் மகனுக்கு வந்தன.

அந்த மகனும் முதலில் கட்டட வேலைதான் பழகினார். பிறகு வைத்தியம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தி, உலகப் புகழ் பெற்றார். அவர்தான் டாக்டர் பால் பிராண்ட்.

ஈவ்லின் அம்மையாரும் மலையை மறக்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் மலைக்கே திரும்பித் தொண்டு செய்தார். 1974-இல் தம் 95-ஆம் வயதில் காலமாகி, கணவரின் பக்கத்திலேயே அடக்கமானார்.

பிராண்ட் செய்த அதே வேலையைப் பிற்காலத்தில் நாடு முழுவதும் அரசாங்கம் எடுத்துச் செய்தது. படிக்கிணறுகள் மூடப்பட்டன. துணி வடிகட்டிகள் தரப்பட்டன. இந்தியாவின் கடைசி நரம்புச் சிலந்தி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டு, இந்தியாவில் அந்த நோய் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. 1986-இல் உலகில் சுமார் 35 லட்சம் பேரை வாட்டிய நோய், 2024-இல் 15 பேரிடம் மட்டுமே காணப்பட்டது.

மருந்தே இல்லாத ஒரு நோயைக் கல் சுவரும் ஒரு முழத் துணியும் விரட்டின. பிராண்ட் படித்தது ஓர் ஆண்டுதான். படித்ததை அவர் ஊர்க் கிணற்றடி வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்.