விரல்களுக்கு எழுத்தளித்த லூயி பிரெயில்

அறிமுகம்

எழுத்து என்றதும் கண்ணால் காணும் வடிவமே எமது நினைவுக்கு வருகின்றது. கரும்பலகை, பாடநூல், வினாத்தாள் ஆகிய யாவும் பார்வையுடையோரை மனத்திற் கொண்டே ஆக்கப்பட்டுள்ளன. அவ்வாறாயின் பார்வையற்ற ஒரு மாணவர் நூலை எவ்வாறு வாசிப்பது? தமது எண்ணத்தை எவ்வாறு எழுதி வைப்பது?

தமிழ் மரபிலும் இவ்வினா எழுந்துள்ளது. பிறவியிலேயே பார்வையற்றிருந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார், எழுத்துகளைத் தம் முதுகில் எழுதிக் காட்டச் செய்து கற்றார் என்றும், ஈழத்துக்கு வந்து பரராசசேகர மன்னனின் அவையில் பாடிப் பரிசு பெற்றார் என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. இத்தகையோர் கேட்டும் மனனம் செய்தும் பெரும் புலமை பெற்றனர். எனினும் தாமே ஒரு நூலை எடுத்துத் தனியே வாசிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டவில்லை.

அந்த வாய்ப்பை உலகுக்கு அளித்தவர் லூயி பிரெயில். அவர் இதனைச் செய்தபோது அவருக்கு வயது பதினைந்து. அவரும் பார்வையற்ற ஒரு மாணவரே.

1. பிறப்பும் இளமையும்

லூயி பிரெயில் 1809 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4 ஆம் திகதி பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரிசுக்குக் கிழக்கே உள்ள கூப்வ்ரே என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை சிமோன் ரெனே, தாய் மோனிக். நான்கு பிள்ளைகளுள் இவரே இளையவர். தந்தை குதிரைகளுக்கான சேணம், கடிவாளம் முதலிய தோற்பொருட்களைச் செய்யும் தொழிலாளி.

மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடிக்கொண்டிருந்தபோது, தோலில் துளையிடும் குத்தூசி லூயியின் ஒரு கண்ணில் பாய்ந்தது. அக்காலத்தில் கிருமித் தொற்றைத் தடுக்கும் மருந்துகள் இருக்கவில்லை. தொற்று மற்றைய கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதாகும்போது அவர் பார்வையை முற்றாக இழந்தார்.

பார்வையற்ற பிள்ளைகள் பலர் அக்காலத்தில் பிச்சை எடுத்தே வாழ்ந்தனர். லூயியின் பெற்றோர் தம் மகனை அந்நிலைக்கு விடவில்லை. தந்தை அவருக்கு ஒரு கைத்தடி செய்து கொடுத்தார். மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவில் அடித்து, அவற்றைத் தடவி அறியச் செய்தார் என்றும் கூறுவர். ஊர்ப் பாதிரியாரின் முயற்சியால் லூயி ஏனைய பிள்ளைகளுடன் கிராமப் பாடசாலையில் அமர்ந்து கற்றார். கேட்டவற்றை மறவாத மாணவராக விளங்கிய போதிலும், வகுப்பில் மற்றவர்கள் நூலை விரித்து வாசிக்கும்போது அவர் வெறுமனே இருக்க வேண்டியதாயிற்று.

2. பாரிஸ் பாடசாலை

1819 ஆம் ஆண்டு, தமது பத்தாவது வயதில், பாரிஸ் நகரிலிருந்த பார்வையற்ற சிறுவர்களுக்கான அரச பாடசாலையில் லூயி சேர்ந்தார். இதனை நிறுவியவர் வலன்டைன் ஆயி என்பவர். பாடசாலைக் கட்டடம் பழையது. ஈரலிப்பும் இருளும் நிறைந்தது.

அங்கு நூல்கள் இருந்தன. வழக்கமான எழுத்துகளே தடித்த தாளில் பெரிதாகப் புடைத்து நிற்கும்படி அவை அச்சிடப்பட்டிருந்தன. இவற்றில் மூன்று குறைகள் காணப்பட்டன.

அ) ஒவ்வோர் எழுத்தின் வளைவையும் தடவி அறிய நீண்ட நேரம் சென்றது. வாக்கியத்தின் முடிவை அடையும்போது தொடக்கம் மறந்துவிடும்.
ஆ) நூல்கள் பருமனாகவும் பாரமாகவும் இருந்தன. செலவு கூடியமையால் மிகச் சில நூல்களே கிடைத்தன.
இ) மாணவர்கள் வாசிக்கலாம், ஆனால் அம்முறையில் தாமாக எழுத இயலாது.

கண்ணுக்காக உருவான எழுத்தை அப்படியே விரலிடம் கொடுத்தமையே இக்குறைகளுக்குக் காரணமாகும்.

3. பார்பியேயின் புள்ளிகள்

1821 ஆம் ஆண்டு சார்ல்ஸ் பார்பியே என்னும் முன்னாள் இராணுவ அதிகாரி, தாம் அமைத்த புதியதொரு முறையைப் பாடசாலைக்கு அறிமுகப்படுத்தினார். இதில் எழுத்து வடிவங்களுக்குப் பதிலாகத் தாளில் புடைத்து நிற்கும் புள்ளிகள் பயன்பட்டன. கோடுகளைவிடப் புள்ளிகளை விரல் விரைவாக உணர்கின்றது என்பதை மாணவர்கள் கண்டுகொண்டனர். கூரிய கருவியால் புள்ளியிட்டு எழுதவும் முடிந்தது.

எனினும் ஒரு குறியில் பன்னிரண்டு புள்ளிகள் வரை இடம்பெற்றன. ஒரு விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. மேலும், அம்முறை ஒலிகளை மட்டுமே குறித்தது. சொற்களின் சரியான எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறிகள், எண்கள், இசைக்குறிகள் ஆகியவற்றுக்கு அதில் இடமில்லை.

4. ஆறு புள்ளி முறை

பன்னிரண்டு வயது லூயி அம்முறையைத் திருத்தத் தொடங்கினார். பாடவேளை முடிந்த பின்னரும் விடுமுறை நாட்களிலும் தாளும் கூரிய கருவியும் கொண்டு முயன்றார். 1824 ஆம் ஆண்டளவில், பதினைந்து வயதில், அடிப்படை முறை உருவாகிவிட்டது. புள்ளிகளைப் பன்னிரண்டிலிருந்து ஆறாகக் குறைத்தமையே அவரது பெரும் சாதனை. விரல் நுனி ஒருமுறை பட்டதும் ஓர் எழுத்து முழுமையாக விளங்கியது.

ஆறு புள்ளிகளும் இரண்டு நிரல்களில் அமைகின்றன. இடப்பக்க நிரலில் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்க நிரலில் 4, 5, 6. எந்தப் புள்ளிகள் புடைத்துள்ளன என்பதைப் பொறுத்து 63 வெவ்வேறு குறிகளை ஆக்கலாம். எழுத்துகள், எண்கள், நிறுத்தற்குறிகள், கணிதக் குறியீடுகள், இசைக்குறிகள் யாவற்றையும் இவற்றைக் கொண்டே எழுதலாம். 1829 ஆம் ஆண்டு இம்முறையை அவர் நூலாக வெளியிட்டார். 1837 இல் அதன் திருத்திய பதிப்பு வெளிவந்தது.

5. ஆசிரியரும் இசைக் கலைஞரும்

கற்ற பாடசாலையிலேயே லூயி உதவி ஆசிரியராகிப் பின்னர் 1833 இல் ஆசிரியரானார். தேவாலயங்களில் ஓர்கன் வாசிக்கும் கலைஞராகவும் பணியாற்றினார். பார்வையற்றோர் பார்வையுள்ளோருக்குக் கடிதம் எழுதுவதற்காக, வழக்கமான எழுத்துகளைப் புள்ளிகளால் வரையும் இன்னொரு முறையை 1839 இல் வெளியிட்டார். இதற்கான ஓர் இயந்திரத்தை, பார்வையற்ற நண்பரான பியர் பூக்கோ உருவாக்கினார். இன்று நாம் துணைத் தொழினுட்பம் என அழைக்கும் துறைக்கு இவை முன்னோடிகள் ஆகும்.

6. தடையும் வெற்றியும்

லூயியின் முறையை மாணவர்கள் விரும்பி ஏற்றனர். பெரியவர்கள் அவ்வாறு ஏற்கவில்லை. பார்வையற்றோர் தமக்கெனத் தனி எழுத்தைக் கொண்டால் சமூகத்திலிருந்து பிரிந்துவிடுவர் என்று பார்வையுள்ள ஆசிரியர் பலர் கருதினர். தம்மால் கண்ணால் வாசிக்க முடியாத எழுத்தை அவர்கள் ஐயத்துடன் நோக்கினர்.

1840 ஆம் ஆண்டு பாடசாலைக்குப் புதிய அதிபர் பொறுப்பேற்றார். அவர் புடைப்பு எழுத்து முறையையே வற்புறுத்திப் புள்ளி முறையைத் தடைசெய்தார். ஆயினும் மாணவர்கள் அதனைக் கைவிடவில்லை. இரகசியமாக எழுதினர், ஒருவருக்கொருவர் கற்பித்தனர். விரைவாக வாசிக்கவும், குறிப்பெடுக்கவும், நாட்குறிப்பு எழுதவும் அவர்களுக்கு உதவிய ஒரே முறை அதுவாகவே இருந்தது.

அதிபரின் உதவியாளரான குவாடே என்பவர் இவ்வுண்மையை உணர்ந்து அதிபரின் மனத்தை மாற்றினார். 1844 ஆம் ஆண்டு புதிய கட்டடத் திறப்பு விழாவில் பிரெயில் முறை மக்கள் முன்னிலையில் செய்து காட்டப்பட்டது. பயன்படுத்துவோரே ஒரு கருவியின் தகுதியை நன்கு அறிவர் என்பதற்கு இந்நிகழ்ச்சி சிறந்த சான்றாகும்.

7. மறைவும் புகழும்

லூயி நீண்ட காலம் காசநோயால் வருந்தினார். 1852 ஆம் ஆண்டு ஜனவரி 6 ஆம் திகதி, தமது 43 ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு நாட்களின் பின் காலமானார். அவரது முறையை பிரான்ஸ் 1854 இல் ஏற்றுக்கொண்டது. 1878 இல் பாரிசில் கூடிய சர்வதேச மாநாடும் அதனை ஆதரித்தது. 1952 இல் அவரது உடல் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பந்தியோன் மண்டபத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவரது கைகள் மட்டும் பிறந்த கிராமத்திலேயே வைக்கப்பட்டுள்ளன. 2019 ஆம் ஆண்டு முதல் ஜனவரி 4 ஆம் திகதி உலக பிரெயில் தினமாக ஐக்கிய நாடுகள் சபையால் அனுட்டிக்கப்படுகின்றது.

8. தமிழும் எமது நாடும்

இந்திய உபகண்ட மொழிகளில் முன்னர் வெவ்வேறு பிரெயில் முறைகள் வழங்கின. 1951 இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை உருவாகியது. ஒத்த ஒலிக்கு ஒரே குறி என்பது இதன் அடிப்படை. தமிழில் ‘அ’ என்பதற்கு 1 ஆம் புள்ளி மட்டும் வரும். ‘க’ என்பதற்கு 1, 3. ‘ம’ என்பதற்கு 1, 3, 4. ‘கி’ என எழுதக் ‘க’ குறியை அடுத்து ‘இ’ குறியை இட்டாற் போதும். ஆதலால் 247 எழுத்துகளுக்கும் 247 குறிகள் தேவைப்படுவதில்லை.

இலங்கையில் 1912 ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்குமான பாடசாலையை ஆரம்பித்தார். இரத்மலானையில் இது நிலைபெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் கைதடி நவீல்ட் பாடசாலை தமிழ் மாணவர்க்கு இத்தகைய பணியை ஆற்றி வருகின்றது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அவர்களது உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதி செய்தது. விசேட தேவையுடைய பரீட்சார்த்திகள் பிரெயில் வினாத்தாள், மேலதிக நேரம் போன்ற வசதிகளுக்குப் பரீட்சைத் திணைக்களத்திடம் விண்ணப்பிக்கலாம்.

9. நாம் கற்க வேண்டியது

இன்று கணினித் திரையிலுள்ளவற்றை உரத்து வாசிக்கும் மென்பொருட்கள் உள்ளன. திரையிலுள்ள எழுத்தைப் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும் பிரெயில் கருவிகளும் உள்ளன. குறைபார்வை உள்ளவர்க்குப் பெரிய எழுத்து அச்சும், எழுத்துகளை இனங்காண்பதில் இடர்ப்படும் மாணவர்க்கு ஒலி நூல்களும் உதவுகின்றன.

மஹய்யாவையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ உள்ள ஒரு வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதத் தாமதிக்கும் ஒரு மாணவர் இருக்கலாம். சொல்லிக் கொடுத்தால் விளங்கிக்கொள்பவர், வாசிக்கச் சொன்னால் தடுமாறலாம். இவர்களைச் சோம்பேறி என்றோ மந்த புத்தியுடையவர் என்றோ கூறுவது தவறு. கூப்வ்ரே பாடசாலையில் வெறுமனே அமர்ந்திருந்த சிறுவனிடம் அறிவுக்குக் குறைவிருக்கவில்லை. அவனுக்கு ஏற்ற நூலே இல்லாதிருந்தது. எனவே, அருகிலிருக்கும் மாணவருக்கு என்ன வசதி தேவை என்பதை அவரிடமே கேட்டறிந்து ஆசிரியருக்குத் தெரிவிப்பது சக மாணவராகிய உங்கள் கடமையாகும்.

நினைவிற் கொள்க

1809 – பிறப்பு
1819 – பாரிஸ் பாடசாலையில் சேர்தல்
1824 – ஆறு புள்ளி முறை உருவாதல்
1829 – முதல் நூல் வெளியீடு
1844 – மக்கள் முன் செய்து காட்டல்
1852 – மறைவு
1854 – பிரான்ஸ் ஏற்றுக்கொள்ளல்
1951 – பாரதி பிரெயில்

அரும்பதங்கள்

குத்தூசி – தோலில் துளையிடும் கருவி
சேணம் – குதிரையின் முதுகில் இடும் இருக்கை
நிரல் – மேலிருந்து கீழாக அமையும் வரிசை
சமவாயம் – நாடுகளுக்கிடையிலான உடன்பாடு

பயிற்சி வினாக்கள்

1. புடைப்பு எழுத்து நூல்களின் குறைகள் மூன்று தருக.
2. பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தமையால் ஏற்பட்ட நன்மை யாது?
3. பிரெயில் முறையை ஆசிரியர்கள் எதிர்த்தமைக்கும் மாணவர்கள் கைவிடாமைக்கும் உரிய காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.
4. ‘மகி’ என்பதற்குப் பிரெயிலில் எத்தனை குறிகள் தேவை? விளக்குக. (‘இ’ – புள்ளிகள் 2, 4)
5. “எமது வகுப்பறையில் யாவரும் கற்க” என்னும் தலைப்பில் 150 சொற்களில் கட்டுரை ஒன்று எழுதுக.