டார்வின் என்னும் மாணவர்

சார்லஸ் டார்வின் என்றதும் நீண்ட வெண்தாடிதான் நம் நினைவுக்கு வருகிறது. தோழியரே, அவரும் ஒரு காலத்தில் வகுப்பு எப்போது முடியும் என்று காத்திருந்த மாணவர்தாம்!

இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். மருத்துவரான தந்தை, மகனும் மருத்துவனாக வேண்டுமென்று 1825-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 16. என்னைவிட ஒரு வயதே அதிகம். மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த அறுவைச் சிகிச்சையைக் காணப் பொறாமல் பாதியிலேயே வெளியே ஓடிவிட்டார். கல்லூரிப் பாடம் கசந்தாலும், பறவைகளைப் பாடம் செய்யும் கலை இனித்தது. அதை அவருக்குக் கற்றுத் தந்தவர் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்னும் கறுப்பினத்தவர்.

இராபர்ட் கிராண்ட் என்னும் விலங்கியல் அறிஞர் டார்வினுக்கு நண்பரும் வழிகாட்டியுமானார். இருவரும் கடற்கரையில் அலைந்து சிற்றுயிர்களைச் சேகரித்தனர். டார்வின் மீனவர்களோடு படகிலும் செல்வார். அவரிடம் இருந்ததோ ஒரு மட்டமான நுண்ணோக்கி. ஆயினும் அதன்வழியே இரண்டு புதுமைகளைக் கண்டார். பாசிபோல் தோன்றும் பிளஸ்ட்ரா என்ற உயிரினத்தின் முட்டைகள் நுண்ணிய மயிர்களை அசைத்து நீந்தின. (அவை முட்டைகளல்ல, இளம் உயிர்களே என்பது பின்னர்த் தெரிந்தது.) சிப்பி ஓடுகளில் ஒட்டியிருந்த கரிய உருண்டைகளைப் பாசியின் விதைகள் என்று எண்ணியிருந்தனர்; அவை ஒருவகை அட்டையின் முட்டைகள் என்று கண்டார்.

1827 மார்ச் 27-ஆம் நாள், பல்கலைக்கழகத்தின் பிளினியன் சங்கத்தில் மாணவர்கள் முன்னிலையில் இவற்றை விளக்கினார். ஆனால் மூன்று நாள்களுக்கு முன்பே, மார்ச் 24 அன்று, பெரியவர்களின் வெர்னேரியன் சங்கத்தில் கிராண்ட் இதே செய்திகளைத் தம் கட்டுரையோடு சேர்த்து வாசித்துவிட்டார்! அட்டை முட்டையைக் கண்டவர் டார்வின் என்று பிறகு அச்சில் குறிப்பிட்டார் என்பது உண்மைதான். இருந்தாலும் எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பதினெட்டு வயதில் மனம் எவ்வளவு வாடியிருக்கும்!

அடுத்த மாதமே எடின்பரோவை விட்டார். கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்று, 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். உயிரினங்கள் எவ்வாறு மாறுகின்றன என்று இருபது ஆண்டுகள் ஆராய்ந்தார். 1858 ஜூன் மாதம், தொலைதூரத் தீவிலிருந்து ஆல்பிரட் வாலஸ் அனுப்பிய கட்டுரை வந்தது. டார்வினின் கருத்தே அதிலும் இருந்தது. வாலஸோ இளையவர், பெயர் பெறாதவர். அக்கட்டுரையை மறைத்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? டார்வின் அதை நண்பர்களிடம் அனுப்பினார். ஜூலை 1-ஆம் நாள் இலண்டனில் இருவர் எழுத்துகளும் ஒரே கூட்டத்தில் வாசிக்கப்பெற்றன. டார்வின் அங்கு இல்லை. அவருடைய ஒன்றரை வயது மகன் காய்ச்சலால் இறந்து மூன்று நாள்களே ஆகியிருந்தன.

புகழ்பெற்ற நூல் 1859-இல் வெளிவந்தது. 1882 ஏப்ரல் 19 அன்று டார்வின் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடந்த நல்லடக்கத்தில் பெட்டிக்குத் துணையாக நடந்தவர்களுள் வாலஸும் ஒருவர்.