கல்விச் செல்வர் நெ. து. சுந்தரவடிவேலு

காஞ்சி மாநகர் பண்டுதொட்டுக் கல்விக்குப் பெயர்பெற்றது. பல்லவர் காலத்தில் இங்கே கடிகை என்னும் உயர்தரக் கல்விச்சாலை விளங்கிற்று. கதம்பர் குலத்து முதல் மன்னனாகிய மயூரசர்மன் கல்வி வேண்டி அக்கடிகையை நாடி வந்தனன் என்பதைத் தாளகுண்டாக் கல்வெட்டு நமக்கு அறிவிக்கின்றது. பிற்காலத்தும் இந்நகர் அப்பெருமையை முற்றிலும் இழந்திலது. 1794-ஆம் ஆண்டில் மறைந்த வள்ளல் பச்சையப்ப முதலியாரின் அறநிதியால் எழுந்த பள்ளியும், ஸ்காத்லாந்து மிஷனைச் சார்ந்த ஜான் ஆண்டர்ஸன் ஐயர் பெயர் தாங்கிய பள்ளியும் இங்கே பல்லாயிரவர்க்கு அறிவுக்கண் திறந்தன. அறிஞர் அண்ணாதுரை அவர்கள் பச்சையப்பர் பள்ளியிற் பயின்றவரே.

ஆயினும் இப்பெருமையின் அருகிலேயே வேறொரு நிலையும் நெடுங்காலம் இருந்ததை யாம் மறைத்தல் ஆகாது. பெரிய காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் பகுதிகளில் தறியோசை கேளாத தெரு அரிது. காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பாகிய கோர்வை நெசவில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமைதலின், ஒருவர் தனித்திருந்து நெய்தல் எளிதன்று. கரைக்குரிய நாடாவை எறிதற்கு மற்றொரு கை வேண்டும். அக்கை பெரும்பாலும் ஒரு சிறுவனுடையதாகவோ சிறுமியுடையதாகவோ இருந்தது. சுற்றுப்புறத்துச் சிற்றூர்களிலோ, தறிக்கு ஈடாக மாடும் வயலும் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டன. பள்ளிக்கூடம் தெருவிலேயே இருந்தும், பிள்ளை பள்ளிக்கு வாராமைக்குக் காரணம் பசியும் வறுமையுமே. இவ்வுண்மையை உணர்ந்து, பள்ளியையும் ஊரையும் இணைத்தாலன்றிக் கல்வி பரவாதென்று துணிந்து உழைத்த பெரியார் ஒருவர் இக்காஞ்சியின் அண்மையிலேயே தோன்றினார். அவரே திரு. நெ. து. சுந்தரவடிவேலு ஆவர். அன்னாரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் சுந்தரவடிவேலு பிறந்தார். தம் ஊரின் பெயரையும் தந்தையார் துரைசாமி அவர்களின் பெயரையும் தம் பெயருக்கு முன்னெழுத்துக்களாகக் கொண்டு, இறுதிவரை அவற்றைத் துறவாது வாழ்ந்தார். சிற்றூரிற் பிறந்தவராதலின், மழை பெய்தால் ஒழுகும் கூரையும், கரும்பலகையும் அற்ற பள்ளிகள் எத்தன்மையவென்பதை நூலிற் படித்தறிய வேண்டிய நிலை அவர்க்கு இருந்திலது. முதுகலைப் பட்டம் பெற்றுப் பின்னர் அரசாங்கக் கல்வித்துறையிற் புகுந்து, பள்ளிகளைப் பார்வையிடும் அலுவல்களில் அமர்ந்து படிப்படியாக உயர்ந்தார்.

இளமையிலேயே தந்தை பெரியாரின் சுயமரியாதைக் கொள்கையில் அவர்க்குப் பற்று மிகுந்தது. அவ்வியக்கத்தின் எழுத்தாளராகிய குத்தூசி குருசாமி அவர்களின் மனைவியார் குஞ்சிதம் அம்மையாரின் தங்கையாகிய காந்தம் அம்மையாரைச் சாதி வேற்றுமை பாராது மணந்தார். இச்செய்தியை யாம் ஈண்டுக் குறித்தற்குக் காரணம் உண்டு. எச்சாதியிற் பிறந்த பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்து கற்றற்கு உரியதென்னும் கொள்கையை அவர் பிறர்க்கு உரைப்பதன்முன் தம் இல்லத்திலேயே நிலைநாட்டினார்.

1954-ஆம் ஆண்டில் திரு. காமராசர் சென்னை மாகாண முதலமைச்சரானார். அதற்கு முந்திய ஆண்டிற் புகுத்தப்பெற்று, மக்களிடையே பெரும் எதிர்ப்பை விளைவித்த புதிய தொடக்கக் கல்வித் திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக அமர்ந்ததும் அவ்வாண்டிலேயாம். ஆறாம் வகுப்புக்கு மேற் பள்ளியிற் பயிலும் வாய்ப்பைப் பெறாத முதலமைச்சரும், முதுகலை பயின்ற இயக்குநரும் ஒரே கருத்தினராய் இணைந்தமை தமிழ்நாட்டின் நற்பேறே.

பள்ளிகளைத் திறந்தால் மட்டும் போதுமா? பட்டினியாய் வரும் பிள்ளை எங்ஙனம் பாடத்திற் கருத்தூன்றும்? இவ்வினாவினின்றே பகலுணவுத் திட்டம் பிறந்தது. இலவசமாக உணவளித்தற்கு வேண்டிய பணம் அரசாங்கத்தினிடம் அன்று போதியதாயில்லை. ஆகவே, அரசாங்கத்தின் ஆணைக்குக் காத்திராது, ஊராரே தம் ஊர்ப் பிள்ளைகட்கு உணவளிக்குமாறு வேண்டப்பெற்றனர். 1956-ஆம் ஆண்டில், பாரதியார் பிறந்த எட்டயபுரத்து வட்டாரத்தில் இப்பணி தொடங்கிற்று. ஒருவர் அரிசி தந்தார். ஒருவர் பருப்பும் காய்கறியும் தந்தார். பொருளற்றவர் விறகு சுமந்து வந்தார். ஆசிரியர் அடுப்பருகே நின்றார். பின்னர், அரசாங்கம் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கை ஏற்றுக்கொண்டு, எஞ்சிய நாற்பதை ஊராரிடமே விட்டது. இந்நாற்பது பங்கே இத்திட்டத்தின் உயிர்நாடி என்பது எமது கருத்து. தன் வயலில் விளைந்த அரிசி பள்ளியிற் பொங்குவதை அறிந்த உழவன், அவ்வரிசி உரிய வாய்க்குச் சேர்ந்ததாவென்று பார்த்தற்கேனும் பள்ளிக்குச் செல்வான். அங்ஙனம் சென்றவன், கூரை ஒழுகுவதையும், ஆசிரியர் வாராத நாளையும் காணாதிரான்.

அவ்வாறு கண்டவர்களை ஒருங்கு கூட்டியதே சுந்தரவடிவேலுவின் இரண்டாம் பெரும்பணி. அதற்குப் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் என்று பெயர். அதன் முதல் மாநாடு 1958-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கடம்பத்தூரில் நிகழ்ந்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சார்ந்த அவ்வூர், அந்நாளிற் காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய செங்கற்பட்டு மாவட்டத்தினதே. ஆதலின் இவ்வியக்கத்தின் தொட்டில் நம் மாவட்டமே என்று யாம் பெருமிதம் கொள்ளலாம்.

இம்மாநாடுகள் வெறும் சொற்பொழிவு மேடைகளல்ல. முதற்கண், ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியரும் ஊராரும் கூடி, தம் பள்ளிக்கு இன்றியமையாதவை எவையென்று பட்டியல் எழுதினர். கரும்பலகை, பலகை, நாற்காலி, நிலப்படம், கடிகாரம், குடிநீர்ப் பானை, கிணறு, சுற்றுச்சுவர், விளையாட்டிடம், ஏழைப் பிள்ளைகட்குச் சீருடை எனப் பட்டியல் விரிந்தது. பின்னர் ஒவ்வொன்றற்கும் ஒருவர் பொறுப்பேற்றனர். செல்வர் கட்டடத்தை ஏற்றார்; நிலமுடையவர் நிலத்தை ஈந்தார்; தச்சர் பலகை செய்தார்; கூலிவேலை செய்பவர் உழைப்பை நல்கினார். மாநாட்டு நாளில் எல்லாக் கொடைகளும் அவையறிய அறிவிக்கப்பட்டன, கொடுத்தோர் சிறப்பிக்கப்பட்டனர். ஒரு நாற்காலி தந்தவரும் ஒரு கட்டடம் தந்தவரும் ஒரே பந்தலில் அமர்ந்தனர். காமராசர் இத்தகைய மாநாடுகள் பலவற்றிற்கு நேரிற் சென்று ஊக்கமளித்தார். சில ஆண்டுகளில் நாடெங்கணும் நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகள் நிகழ்ந்து, கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கொடைகள் பள்ளிகட்கு உரியவாயின. 1961-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் சுந்தரவடிவேலுக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது.

இவ்வியக்கத்தில் குறையே இல்லையோவெனின், அவ்வாறு உரைத்தல் மெய்ம்மையாகாது. மனமுவந்து அளிக்கும் கொடை வளமுள்ள ஊரில் மிகுதியாகவும், வறிய ஊரிற் குறைவாகவும் சுரப்பது இயற்கை. எவ்வூர்க்கு உதவி மிக வேண்டுமோ அவ்வூரே கொடுக்க இயலாததாய் நிற்கும். அன்றியும், மழை பொய்த்த ஆண்டிற் கொடுப்பார் கையும் சுருங்கும். பிள்ளையின் பசியோ சுருங்குவதில்லை. கேட்பவர் அதிகாரியாயின், கொடை ஒரோவழி வரியாக மாறிவிடும் இடரும் உண்டு. இவற்றை நோக்குழி, ஊராரின் அன்பு அரசாங்கத்தின் கடமைக்குத் துணையாகலாமேயன்றி அதற்கு ஈடாகாது என்பது புலனாகும். 1982-ஆம் ஆண்டில் திரு. எம். ஜி. இராமச்சந்திரன் அவர்களின் அரசாங்கம் சத்துணவுத் திட்டத்தை விரிவாகத் தொடங்கி அதன் செலவை ஏற்றது இக்காரணம் பற்றித் தக்கதே. ஆனால், அரசாங்கம் முழுச் சுமையையும் ஏற்றபின், ஊரார் பள்ளியை அயலாரின் உடைமைபோற் கருதத் தலைப்பட்டால், ஒரு நன்மையைப் பெற்று மற்றொன்றை இழந்தவராவோம்.

இயக்குநர் பதவிக்குப் பின்னரும் சுந்தரவடிவேலுவின் தொண்டு ஓயவில்லை. 1969-ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, 1975-ஆம் ஆண்டுவரை அப்பதவியிற் சிறந்து விளங்கினார். முதியோர் கல்வி, நூலக வளர்ச்சி ஆகியவற்றிலும் அவர்க்கு ஆர்வம் மிகுதி. தாம் கண்ட நாடுகளைப் பற்றியும், தம் வாழ்க்கையைப் பற்றியும் எளிய தமிழில் நூல்கள் இயற்றினார். அவற்றுள் நினைவு அலைகள் என்னும் தன்வரலாறு பலராலும் அறியப்பட்டது. 1993-ஆம் ஆண்டு ஏப்பிரல் 12-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் மறைந்து முப்பது ஆண்டுகட்கு மேலாயின. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், பள்ளிதோறும் மேலாண்மைக் குழு அமைக்கவும், அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்கவும், மொத்தத்தில் ஒருபாதியினர் பெண்களாக இருக்கவும் விதித்தது. கடம்பத்தூரில் வேண்டுகோளாக எழுந்தது இன்று சட்டமாக நிலைபெற்றது எனலாம். ஆயினும் சட்டம் நாற்காலியை இடும். அதில் அமர்தற்கு மனிதர் வேண்டும். கூலி இழந்து கூட்டத்திற்கு வரும் நெசவுத் தாயார், ஆசிரியர் முன்னிலையில் அஞ்சாது ஒரு குறையை எடுத்துரைத்தற்கு, அவர் அருகே துணைநின்று அக்குறையை எழுதித்தரும் கல்வியுடையார் ஒருவர் வேண்டும்.

மாணவ நண்பர்காள்! அவ்வொருவர் நீவிராகலாம். மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் யாவரும், கடல்கடந்தும் அயலூரிலிருந்தும் முகமறியாதார் பலர் ஈந்த பொருளால் எழுந்த சுவர்களுக்குள் அமர்ந்து கற்கின்றோம். அக்கடனைத் தீர்த்தற்குத் தொலைவில் செல்ல வேண்டுவதில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால், நாம் முதன்முதல் எழுத்தறிந்த பள்ளியின் வாயிலிற் சென்று நிற்போம். அதற்கு வேண்டுவது யாதென்று தலைமையாசிரியரைக் கேட்டுப் பட்டியல் எழுதுவோம். அதில் ஒரு வரியையேனும் நாம் ஏற்போம். நெய்யாடுபாக்கத்துப் பெரியார்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.