விற்றவை இரண்டே பிரதிகள்

எழுத்தாளருக்குப் புகழ் வருவது திறமையாலா, விளம்பரத்தாலா என்னும் கேள்வி பட்டிமன்றத்துக்கு மிகவும் வசதியான தலைப்பு. இரு அணியினரும் மேசையைத் தட்டிப் பேசலாம். நடுவரும் கடைசியில் இரண்டும் வேண்டும் என்று தீர்ப்புக் கூறி எல்லாரையும் மகிழ்வித்து அனுப்பிவிடலாம். நாம் இங்கே பட்டிமன்றம் நடத்தப் போவதில்லை. 'ஜேன் அயர்' என்னும் நாவலை எழுதிய சார்லட் பிரான்ட்டி அம்மையாரின் வாழ்க்கையைச் சற்றே பார்ப்போம்.

சார்லட் 1816-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தார். தந்தை பாட்ரிக் பிரான்ட்டி அயர்லாந்திலிருந்து வந்தவர். ஆங்கிலிக்கன் சபைக் குரு. 1820-இல் குடும்பம் ஹவர்த் என்னும் மலைக்கிராமத்துக்குக் குடிபோயிற்று. அடுத்த ஆண்டே தாய் இறந்தார். ஐந்து பெண்கள், ஓர் ஆண் ஆக ஆறு பிள்ளைகள். குருமாரின் பெண்களுக்கென்று இருந்த விடுதிப் பள்ளி ஒன்றில் மூத்த நால்வரும் சேர்க்கப்பட்டனர். வாயில் வைக்க முடியாத உணவு, உறையவைக்கும் குளிர். மூத்தவர்களான மரியாவும் எலிசபெத்தும் காசநோயோடு வீடு திரும்பி, 1825-இல் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். ஒருவருக்கு வயது 11, மற்றவருக்கு 10. 'ஜேன் அயர்' நாவலில் வரும் லோவுட் பள்ளியைப் படித்துக் கண் கலங்கிய மாணவிகள், அது வெறும் கற்பனை அன்று என்பதை அறிய வேண்டும்.

எஞ்சியவர்கள் சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் ஆகிய நால்வர். 1826-இல் தந்தை மகனுக்கு ஒரு பெட்டி மரப் பொம்மைச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அந்தச் சிப்பாய்களுக்கு நாடுகள், அரசர்கள், போர்கள் எல்லாம் பிள்ளைகள் உண்டாக்கினார்கள். சிப்பாய்கள் படிக்கத்தக்க அளவில், தீப்பெட்டி போன்ற குட்டிப் புத்தகங்களைப் பொடி எழுத்தில் எழுதித் தைத்தார்கள். நால்வரே ஆசிரியர்கள், நால்வரே வாசகர்கள். விளம்பரம் எதுவும் தேவைப்படாத காலம் அது ஒன்றுதான்.

இருபது வயதில் சார்லட் தம் கவிதைகளை அரசவைக் கவிஞர் சவுதி அவர்களுக்கு அனுப்பினார். 1837-இல் பதில் வந்தது. இலக்கியத்தைத் தொழிலாகக் கொள்வது பெண்களுக்குப் பொருந்தாது என்று அந்தப் பெரியவர் அன்பாகவே அறிவுரை கூறியிருந்தார். சார்லட் பணிவாக நன்றி தெரிவித்தார். எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை!

1842-இல் அவரும் எமிலியும் பிரெஞ்சு மொழி கற்க பிரஸ்ஸல்ஸ் நகருக்குச் சென்றனர். அங்கே ஹெகர் என்னும் ஆசிரியர் அவர்களுடைய கட்டுரைகளை வரி வரியாகத் திருத்தினார். மிகைச் சொல்லைக் கண்டால் வெட்டினார். பிறவித் திறமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்; அதற்குள் ஓர் ஆசிரியரின் சிவப்பு மையும் கலந்திருக்கிறது. சார்லட் கத்தோலிக்க மறையை அவ்வளவாக விரும்பாதவர் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் 1843-இல், விடுமுறைக் காலத்தில் தனிமை தாங்காமல், புனித குடுலா ஆலயத்துக்குள் நுழைந்து ஒரு குருவானவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். இதை அவரே எமிலிக்கு எழுதினார்.

ஊர் திரும்பியதும் வீட்டிலேயே ஒரு பெண்கள் பள்ளி தொடங்க எண்ணி, 1844-இல் கட்டண விவரங்களோடு அறிவிப்புத் தாள்களை அச்சடித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார். ஒரு மாணவிகூட வந்து சேரவில்லை.

அடுத்த ஆண்டு எமிலியின் கவிதை ஏடு தற்செயலாகச் சார்லட்டின் கையில் கிடைத்தது. தம் அனுமதியின்றிப் படித்ததற்காக எமிலி கடுங்கோபம் கொண்டார். அவரைச் சம்மதிக்க வைக்கவே பல நாள் ஆயிற்று. மூவரும் தம் கவிதைகளைத் தொகுத்து, அத்தை விட்டுச் சென்ற பணத்தில் 1846-இல் சொந்தச் செலவில் அச்சிட்டார்கள். பெண் எழுத்து என்றால் மட்டமாக மதிப்பிடுவார்கள் என்று அஞ்சி, கரர் பெல், எல்லிஸ் பெல், ஆக்டன் பெல் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். விளம்பரத்துக்கென்று தனியாகவும் பணம் செலவிட்டார்கள். பத்திரிகைகளில் நல்ல மதிப்புரைகூட வந்தது. ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது விற்றிருந்தவை இரண்டே பிரதிகள்!

சார்லட் சோர்ந்துவிடவில்லை. 'பேராசிரியர்' என்ற நாவலை எழுதிப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பினார். ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும், அதே உறையில் பழைய முகவரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதி அனுப்பினாராம். இதற்கு முன் எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதைப் புதியவருக்குக் காட்டிக் கொடுக்கும் உறை! வியாபார உலகம் அறியாத பேதைமை என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியாகச் சென்றது லண்டன் ஸ்மித் எல்டர் பதிப்பகத்துக்கு. அவர்களும் மறுத்தார்கள், ஆனால் நெடிய கடிதத்தில் குறை நிறைகளை எடுத்துக் கூறி, மூன்று பாகங்களில் நாவல் இருந்தால் பார்ப்பதாகத் தெரிவித்தார்கள். 1847 ஆகஸ்டில் 'ஜேன் அயர்' ரயிலேறியது. இளம் பதிப்பாளர் ஜார்ஜ் ஸ்மித் ஒரு ஞாயிறு காலையில் அதைக் கையில் எடுத்தவர், நண்பருடன் குதிரைச் சவாரிக்குப் போகவிருந்ததையும் நிறுத்தி, இரவு படுக்கப் போகுமுன் முழுவதையும் படித்து முடித்தார். அக்டோபரில் நூல் வெளிவந்தது. 1848 ஜனவரியில் இரண்டாம் பதிப்பு, ஏப்ரலில் மூன்றாம் பதிப்பு.

எழுதியவர் யார் என்றே எவருக்கும் தெரியாது. ஆணா, பெண்ணா என்று லண்டன் விவாதித்தது. அந்த ஆவலே விளம்பரமாயிற்று. ஆனால் விளம்பரத்துக்குக் கொடுக்கும் உண்டு. எமிலியின் 'வதரிங் ஹைட்ஸ்', ஆனின் 'ஆக்னஸ் கிரே' இரண்டையும் வெளியிட்ட நியூபி என்பவர், முன்பணமாக 50 பவுன் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் படிகளை நெடுநாள் கிடப்பில் போட்டிருந்தவர். 'ஜேன் அயர்' விற்றதும் விழித்துக்கொண்டார். மூன்று பெல்களும் ஒருவரே என்று அமெரிக்காவில் நம்ப வைத்து ஆனின் அடுத்த நாவலை விற்க முயன்றார். தம்மை ஏமாற்றுக்காரியாக ஸ்மித் எண்ணிவிடுவாரே என்று சார்லட் பதறினார். 1848 ஜூலையில் ஆனுடன் மழையில் நடந்து, இரவு ரயிலேறி லண்டன் சென்று, பதிப்பாளரின் மேசை முன் நின்றார். எளிய கிராமத்து உடையில் இரு சிறிய பெண்கள்! கரர் பெல்லுக்கு அவர் எழுதிய கடிதத்தையே அவர் கையில் கொடுத்தபோது, அது உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டார்.

வெளியுலகம் கரர் பெல்லை அறியத் தொடங்கியபோது வீடு வெறுமையாயிற்று. அந்தச் செப்டம்பரில் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதத்தில் ஆன். எமிலியின் மேசையில் 'வதரிங் ஹைட்ஸ்' பற்றிய ஐந்து மதிப்புரைத் துண்டுகள் கிடந்தன. பெரும்பாலும் பாராட்டாதவை. 1850-இல் சார்லட் அந்நாவலை மறுபதிப்பாக்கி, தங்கையர் யார் என்பதை முன்னுரையில் உலகுக்குச் சொன்னார். வாழும்போது பெயரை மறைத்துக்கொண்ட எமிலிக்கு இறந்த பின் அக்காள் செய்த விளம்பரம் இது என்றால் தவறாகாது. அது இல்லாதிருந்தால் அந்நாவல் எவ்வளவு காலம் தூசியில் கிடந்திருக்குமோ!

சார்லட் 1854-இல் திருமணம் செய்துகொண்டு, 1855 மார்ச் 31-இல் தம் 38-ஆவது வயதில் இறந்தார். 1857-இல் திருமதி காஸ்கெல் எழுதிய அவரது வாழ்க்கை வரலாறு வெளிவந்ததும் ஹவர்த்துக்குக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். பலரும் மறுத்த 'பேராசிரியர்' நாவலும் அதே ஆண்டில் அச்சேறியது. பெயருக்காக அச்சான நூல் அது. படித்தோர் இன்றும் குறைவே.

அந்தக் கவிதை நூலின் எஞ்சிய பிரதிகளை 1848-இலேயே ஸ்மித் வாங்கி, புகழ் உச்சியிலிருந்த அந்த நேரத்தில் மீண்டும் விற்பனைக்கு வைத்தார். அப்போதும் அது விரைவாக விற்கவில்லை. ஆனால் 1846-இல் அதை வாங்கிய இருவருள் ஒருவர், படித்து முடித்ததும் ஆசிரியர்களின் கையொப்பம் வேண்டுமென்று பதிப்பகத்துக்கு எழுதியிருந்தார். ஒரே தாளில் மூன்று சகோதரிகளும் கரர், எல்லிஸ், ஆக்டன் என்று ஒருவர் கீழ் ஒருவராக எழுதி அனுப்பினார்கள்.