பாட்டால் ஒரு நாடு

பிலிப்பைன்ஸ் நாட்டில் 1956ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினார்கள். பள்ளியாயினும் கல்லூரியாயினும், ஹோசே ரிசாலின் வாழ்வையும் நூல்களையும் மாணவர்க்குக் கற்பித்தே ஆகவேண்டும் என்பது அச்சட்டம். ரிசால் கண் மருத்துவர், நாவலாசிரியர். ஐரோப்பாவில் இருந்துகொண்டு 1887இலும் 1891இலும் இரண்டு நாவல்களை வெளியிட்டார். தீவு தீவாகச் சிதறிக் கிடந்த மக்களை ஒரே நாட்டினராக எண்ணச் செய்தவை அவை. அந்த எழுத்தே ஸ்பானிய ஆட்சியின் பகையையும் அவருக்குத் தேடித் தந்தது. 1896 டிசம்பர் 30ஆம் நாள் மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

நம்மிடையே அவருக்கு நிகரானவர் யார்? தமிழ் மாணவர்க்கு அதைச் சொல்லவும் வேண்டுமோ! பாரதியாரைப் படிக்கவேண்டும் என்று நமக்கு எவரும் சட்டம் போடவில்லை. நான் தங்கியிருக்கும் ஜீவனஹள்ளியில், அடுத்த வீட்டுச் சிறுமிக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான் படிக்கிறாள். ஆயினும் பாப்பாப் பாட்டைத் தன் பாட்டியிடம் கேட்டுக் கேட்டு, ஓரடி பிசகாமல் பாடுகிறாள். ரிசாலின் நூல்கள் ஸ்பானிய மொழியில் இருந்தன. அவருடைய மக்களிலே அம்மொழியைப் படிக்க வல்லார் சிலரே. பாரதியாரோ படிக்கத் தெரியாதவர் காதுக்கும் எட்டும்படி எழுதினார். வேதியியல் பயிலும் எனக்கு இலக்கிய ஆராய்ச்சி செய்யும் தகுதி இல்லை. இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்து அவர் வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

அவர் எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11ஆம் நாள் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். பதினோராம் வயதில் பாரதி என்ற பட்டம் பெற்றார். 1897இல் செல்லம்மாவை மணந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். அதன்பின் காசியில் அத்தை வீட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். வடமொழியும் இந்தியும் கற்றதோடு, முண்டாசையும் மீசையையும் பெற்றதும் அங்கேதான். பிற மொழி பேசுவோர் நடுவே, பிறர் வீட்டில் வளர்ந்த இளைஞர் அவர். வெளியூரில் அறை பிடித்து வாழும் நமக்கு அந்த நிலை புதிதன்று.

1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தார். அதே ஆண்டில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவது முதல் வேலை. இதைச் சிறு வேலை என்று எண்ணலாகாது. உலக அரசியல் முழுவதையும் சந்தைக்குப் போகிறவனுக்கும் புரியும் தமிழில் அன்றாடம் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பயன்படும் கருவி ஒன்றுக்குத் தமிழ்ப்பெயர் தேடித் திணறியவர்கள் அந்த உழைப்பை அறிவார்கள். அவருடைய பாட்டின் எளிமை அந்த மேசையில் பழகியது என்றே நான் நம்புகிறேன்.

1905இல் வங்கத்தைப் பிரித்தார்கள், நாடு கொதித்தது. அவ்வாண்டு காசி காங்கிரசுக்குச் சென்று திரும்புகையில் நிவேதிதையைச் சந்தித்தார். பின்னர்த் தம் கவிதை நூல்களை அவருக்கே காணிக்கையாக்கினார். 1906இல் இந்தியா என்ற வார இதழ் தோன்றியது. அதை நடத்திய மண்டயம் குடும்பத்தாரின் பெயர், நாம் வாழும் கன்னட நாட்டு மாண்டியாவை நினைவூட்டுவது. சமத்துவம், சுதந்திரம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் முழக்கங்கள் அதன் தலைப்பில் நின்றன. கேலிச்சித்திரமும் வெளிவந்தது. எழுத்தறியாதவனும் படத்தைப் பார்த்துச் சிரிப்பான் அல்லவா?

1907இல் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. வி. கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதி. திலகரைப் பின்பற்றிய பாரதியாருக்கு அரசியலில் எதிர்முகாம். அவரிடம் பாரதியார் தம் நாட்டுப்பாடல்களைப் பாடிக் காட்டினார். கேட்டவர் கட்சியை மறந்தார். தம் செலவிலேயே 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாத காலம் அது! ஒருவர் கையில் கிடைத்த தாளை அவர் பாட, சுற்றியிருந்தவர் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டனர்.

1908இல் அடக்குமுறை பாய்ந்தது. வ. உ. சிதம்பரனார் சிறை புகுந்தார். இந்தியா இதழின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவாகியிருந்த சீனிவாசனுக்கு ஐந்தாண்டுத் தண்டனை கிடைத்தது. எழுதியவரோ பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்குத் தப்பிச் சென்றார். தம் எழுத்துக்காக வேறொருவர் சிறையில் வாட, தாம் வெளியே இருப்பது எளிதில் ஆறும் வேதனையா? இதழ் அங்கிருந்து மீண்டும் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதைத் தடுத்தார்கள். 1910இல் அது நின்றது.

ஏடு நின்றது, பாட்டு நிற்கவில்லை. அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910இல் அங்கு வந்து சேர்ந்தார்கள். 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் வெளியாயிற்று. சூதில் பணயமாக வைக்கப்பட்ட பெண்ணின் குமுறலில் அடிமை நாட்டின் குமுறலைக் கேட்கும்படி செய்தார். கும்மியும் சிந்தும் கண்ணியும் மக்கள் வாயில் புழங்கிய மெட்டுக்கள். அவற்றிலே நாட்டை ஏற்றினார். வட நாட்டு ஆற்றில் தோணி விட்டு, மலையாளப் பெண்கள் உடன்வர, தெலுங்கில் இசைபாடக் கனாக்கண்டார். அதே நாவால் தமிழுக்கு ஈடான மொழி இல்லை என்றும் பாடினார். தமிழன் முதலில் தமிழனா, இந்தியனா என்று விடுதி அறையில் விளக்கணையும்வரை நாம் வழக்காடுகிறோம். அவர் பாட்டில் அந்த வழக்கே எழவில்லை. இது முரண்பாடு என்பாரும் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் மொழியை விட்டுக் கொடுத்துத்தான் நாட்டில் இடம்பெற வேண்டும் என்றால், இந்நகரில் எனக்கும் அந்தச் சிறுமிக்கும் அந்நாட்டில் என்ன இடம்?

1918 நவம்பரில் புதுவையை விட்டுப் புறப்பட்டவரைக் கடலூர் அருகே பிடித்தார்கள். ஏறக்குறைய மூன்றரை வாரச் சிறைக்குப்பின், அரசியலில் ஈடுபடுவதில்லை என்ற கட்டுப்பாட்டை ஏற்று வெளிவந்தார். ஆண்டுவிழா மேடைகளில் இதைச் சொல்லாமல் விடுகிறோம். ஏன் மறைக்கவேண்டும்? பத்தாண்டு வறுமையில் தேய்ந்த உடல். மனைவி, இரண்டு பெண் மக்கள். அவரும் மனிதர்தாம்.

அதன்பின் கடையத்தில் வாழ்ந்தபோது 1920இல் ஒரு திட்டம் தீட்டினார். தம் எழுத்துக்களை 40 நூல்களாக்குவது, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது. ஆக 4,00,000 படிகள். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்போல அவை வீடுதோறும் விலைபோகும் என்று கணக்கிட்டார். கடனுதவி கேட்டு நண்பர்களுக்கு எழுதினார். நான் பிறந்தது கோவில்பட்டி. தீப்பெட்டி எவ்வளவு எளிதாகக் கைமாறும் என்பதைக் கண்டு வளர்ந்தவன். தம் கவிதையை அப்பொருளோடு வைத்து எண்ணிய கவிஞர் வேறு யாராவது உண்டா? திட்டம் திட்டமாகவே நின்றது. அவ்வாண்டே சென்னை திரும்பி மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். திருவல்லிக்கேணி யானையின் கதை எல்லோரும் அறிந்தது. 1921 செப்டம்பரில் 39 வயதும் நிறையாமல் மறைந்தார். இடுகாடுவரை சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு.

இருபது பேருக்கும் மதிப்புத் தெரியாத எழுத்து என்றால் அரசு எதற்கு அஞ்சவேண்டும்? 1928இல் பர்மா அரசு அவர் பாடல்களைத் தடை செய்தது. சென்னை அரசும் பின்தொடர்ந்து படிகளைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி கொதித்தெழுந்தார். தாளைப் பறிமுதல் செய்தார்கள். மனப்பாடத்தைப் பறிக்கும் சட்டம் எது? பின்னர்த் தடை நீங்கிற்று. 1947 ஆகஸ்ட் விடுதலை நாளில் வானொலியில் டி. கே. பட்டம்மாள் பாடியது அவர் பாட்டைத்தான். விடுதலை வந்துவிட்டதாகவே எண்ணிக் களித்து, பல்லாண்டுகளுக்கு முன்பே அவர் எழுதிவைத்த பாட்டு அது.

ஆனால் அப்போதும் அப்பாடல்கள் பொதுச்சொத்து அல்ல. நூலுரிமை ஒருவரிடமும், இசைத்தட்டு, வானொலி உரிமை ஏவி. மெய்யப்பனிடமும் இருந்தன. மேடையிலோ படத்திலோ பாட விரும்பியவர் இசைவு கேட்டாக வேண்டும். இது தகாது என்று எழுத்தாளரும் கலைஞரும் கிளர்ச்சி செய்தார்கள். மெய்யப்பன் தம் உரிமையை விலையின்றி விட்டுக்கொடுத்தார். 1949இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் அரசு உரிமையைப் பெற்றது. 1955 முதல் அவர் எழுத்து எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்றாயிற்று. கடையத்தில் அவர் கணக்கிட்ட நான்கு இலட்சம் படிகளை அச்சகங்கள் எப்போதோ கடந்துவிட்டன.