நாதசுவரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம் பிள்ளை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் இருப்புப்பாதை திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரத்தை அடைந்ததும் பிரிகிறது. ஒரு கிளை விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குப் போகிறது. மற்றொன்று கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை வழியாகக் காவிரிப் படுகைக்குள் நுழைகிறது. தஞ்சை மண்ணின் இசைவாணர்கள் தலைநகரத்துச் சபைகளுக்குப் பயணம் செய்தது இந்த இரண்டாவது பாதையில்தான். தம்புராக்களும் தவில்களும் உறையிலிட்ட நாதசுவரங்களும் விழுப்புரம் சந்திப்பையும் திண்டிவனத்தையும் கடந்துதான் சென்னை சென்றன. அவ்வாறு சென்ற கலைஞர்களுள் தம் கருவியின் தலையெழுத்தையே மாற்றியமைத்த ஒருவர் உண்டு. அவரே திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை.

நாதசுவரம் இவ்வட்டாரத்து மக்களுக்கு அறிமுகம் தேவைப்படாத கருவி. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரிலும், திண்டிவனத்தை அடுத்த மயிலத்திலும், திருவிழா என்றால் முதலில் செவியில் விழுவது மேளம்தான். பெரிய மேளம் என்று வழங்கும் இக்குழுவின் அடிப்படை அமைப்பு நான்கு பேரைக் கொண்டது. நாதசுவரம் தலைமை ஏற்கும். தவில் லயத்தைத் தாங்கும். ஒத்து சுருதியை நிறுத்தும். தாளம் காலத்தைக் காட்டும். நால்வர் குழுவுக்குத் தலைவர் என்றாலும், அக்கலைஞருக்குச் சமூகம் தந்த இடம் உயர்ந்ததன்று. சுவாமிக்கு முன்னே நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். பெரிய மனிதர்கள் எதிரே இருந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். மங்கல இசை என்று கருவியைப் போற்றிய ஊர், அதை வாசித்தவரை நிற்க வைத்தே பார்த்தது. இந்த முரண்பாட்டோடு மோதிய வாழ்க்கை இராஜரத்தினத்தின் வாழ்க்கை.

அவர் 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் திருமருகலில் பிறந்தார். தந்தையார் குப்புசாமிப் பிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதசுவர வித்துவான். அவரால் சுவீகாரம் செய்துகொள்ளப்பெற்ற சிறுவன், பிற்காலத்தில் இராஜரத்தினம் என்னும் பெயரால் உலகறிந்தான். அவர் முதலில் பயின்றது வாய்ப்பாட்டு என்பது கருதத்தக்கது. வயலின் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் இசை கற்று, இளமையிலேயே பாடி வந்தார். நாதசுவரம் அதன் பின்னரே அவர் கைக்கு வந்தது. அவர் வாசிப்பில் குழைவும் நெளிவும் ஒரு மனிதக் குரலைப் போலவே அமைந்ததற்கு இந்தப் பாட்டுப் பயிற்சியே அடித்தளமாயிற்று எனலாம்.

அந்நாளில் பெரிதும் வழக்கிலிருந்தது திமிரி நாதசுவரம். குறுகிய நீளமும் உச்சமான சுருதியும் உடைய அக்கருவி, வீதியில் நெடுந்தொலைவு கேட்க ஏற்றது. அமர்ந்து கேட்கும் அவைக்கு அதன் ஒலி சற்றுக் கூர்மையானது. இராஜரத்தினம் நீண்ட உருவமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாதசுவரத்தை விரும்பினார். கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுவரம் செய்யும் மரபைச் சேர்ந்த ரங்கநாத ஆசாரி, அவருடைய தேவையறிந்து கருவியை உருவாக்கினார். பழைய கருவியில் சுத்த மத்திமத்தை உதட்டின் அழுத்தத்தாலும் விரலின் நுட்பத்தாலும் வருவிக்க வேண்டியிருந்தது. ஆசாரியின் கருவியில் அச்சுவரம் துளையிலிருந்தே செம்மையாகப் பிறந்தது. தோடி சுத்த மத்திமம் பெற்ற இராகம். தோடி என்றதும் இராஜரத்தினத்தின் பெயர் நினைவுக்கு வருவதில் அந்த ஆசாரியின் உளிக்கும் பங்கு உண்டு.

அவருடைய தோடி மணிக்கணக்கில் விரிந்தது. ஓர் இராகத்தை எடுத்துக்கொண்டால், அதன் ஒவ்வொரு சுவரத்திலும் நின்று, அதைச் சுற்றி வளர்த்து, மேலே ஏறி, எதிர்பாராத இடத்தில் ஒரு நீண்ட பிருகாவாகப் பொழிந்து இறங்குவது அவர் முறை. தவிலுக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற மாமேதைகள் உடனிருந்தபோதும், தாளக்கட்டு இல்லாத ஆலாபனையிலேயே அவர் தம் முழு ஆற்றலையும் காட்டினார். ஒத்தின் இடத்தில் தம்புராவின் சுருதியை நாடியதும், ஆலாபனை துலங்கக் கேட்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு பொருந்துவதே.

கருவியை மாற்றியவர், அதை வாசிப்பவரின் தோற்றத்தையும் மாற்றினார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். ஷெர்வானி அணிந்தார். காதில் கடுக்கன் மின்ன, வாய்ப்பாட்டு வித்துவான்களைப் போலவே மேடையில் அமர்ந்து வாசிப்பேன் என்பதில் உறுதியாக நின்றார். இன்று இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். நின்றும் நடந்தும் வாசித்தே பழகிய ஒரு மரபில், பிறருக்குச் சமமான உயரத்தில் ஓர் ஆசனம் கேட்பது பெரிய துணிச்சல். அவருக்குச் செருக்கு மிகுதி என்று பலரும் குறை கூறினர். அச்செருக்கு இல்லாதிருந்தால் அந்த ஆசனம் கிடைத்திருக்குமா என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று.

அவருடைய காலத்தில் கிராமபோன் தமிழகத்துக்கு வந்து நிலைபெற்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். இரவெல்லாம் விரியும் தோடியை அதற்குள் அடக்குவது கடலைக் கமண்டலத்தில் அள்ளுவது போன்றது. ஆயினும் அவருடைய இசைத்தட்டுகள் பெரும் புகழ் பெற்றன. கச்சேரிக்குச் சீட்டு வாங்க இயலாதவரும், கோயில் மதிலுக்கு வெளியே நின்றவரும் அவரைக் கேட்டது தட்டுகளின் வாயிலாகவே. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் திருமண வீட்டு ஒலிபெருக்கிகள் நாதசுவரத் தட்டோடு விடியலைத் தொடங்கிய காலம் ஒன்று இருந்தது.

கடலுக்கு அப்பாலும் இதே காலத்தில் இதற்கு இணையான ஒன்று நிகழ்ந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1901இல் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் கறுப்பினக் கலைஞர், டிரம்பெட் என்னும் ஊதுகருவியை ஜாஸ் இசையின் தலைமைக் கருவியாக்கினார். வீதி ஊர்வலங்களிலும் இறுதி ஊர்வலங்களிலும் ஊதப்பெற்ற கருவி அது. 1928இல் அவர் பதிவு செய்த வெஸ்ட் எண்டு புளூஸ் என்னும் தட்டு, பக்கவாத்தியம் ஏதுமின்றி டிரம்பெட் மட்டும் தனித்து முழங்கும் பகுதியோடு தொடங்குகிறது. சில நொடிகளே நீளும் அப்பகுதியைக் கேட்கும் தமிழர் ஒருவருக்கு ஆலாபனையின் நினைவு வருவது இயல்பு. இருவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கத் தேவையில்லை. சமூகம் தாழ்த்தி வைத்த மரபிலிருந்து எழுந்து, மூச்சுக்காற்றையே ஆயுதமாகக் கொண்டு, மூன்று நிமிடத் தட்டு வழியாக மக்களை வென்றவர்கள் என்ற வகையில் அவர்கள் உடன்பிறந்தோர்.

1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் திரைப்படத்தில் இராஜரத்தினம் கவி காளமேகமாக நடித்தார். ஏழாண்டுகள் கழித்து, 1947 ஆகஸ்டு 14 அன்று, திருவாவடுதுறை ஆதீனம் ஜவாஹர்லால் நேருவுக்குச் செங்கோல் வழங்கிய நிகழ்ச்சியில் ஆதீன வித்துவானாகத் தில்லியில் நாதசுவரம் வாசித்தார். நாடு விடுதலை பெறும் வேளையில், விடுதலைக்காகத் தனியே போராடி வந்த ஒரு கருவி அங்கே ஒலித்தது பொருத்தமே.

அவர் குறைகள் அற்றவர் அல்லர். முன்கோபமும் கட்டுக்கடங்காத செலவும் அவரோடு பிறந்தவை. வந்த பொருள் கையில் தங்கவில்லை. கேட்போரை மயக்கிய அதே மனிதர் அழைத்தவரைக் கலங்க வைத்ததும் உண்டு. 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் அவர் மறைந்தபோது, தமிழகம் இழந்தது செல்வரை அன்று. பெரும் செல்வத்தை ஈட்டிப் பிறருக்கே விட்டுச்சென்ற ஒருவரை.

அச்செல்வம் அழியவில்லை. அவருடைய மாணவர் காருகுறிச்சி அருணாசலம், 1962இல் வெளிவந்த கொஞ்சும் சலங்கை படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு இணையாக நாதசுவரத்தை இசைக்க வைத்து, அதைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தார். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தில்லானா மோகனாம்பாள் 1968இல் திரைப்படமாயிற்று. அதில் தன்மானம் மிக்க நாதசுவர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரமாகத் தோன்றியவர், விழுப்புரத்தில் 1928இல் பிறந்த சிவாஜி கணேசன். ஒலித்த நாதசுவரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. மேடையில் நிமிர்ந்து அமர்ந்து, அவையின் மரியாதையைக் கேட்டுப் பெறும் கலைஞனின் தோற்றம் திரையில் மக்களுக்கு இயல்பாகப் பட்டது என்றால், அத்தோற்றத்தை வாழ்க்கையில் முதலில் நடத்திக் காட்டியவர்களுள் தலையாயவர் இராஜரத்தினம். நரசிங்கம்பேட்டை நாதசுவரம் 2022இல் புவிசார் குறியீடும் பெற்றது.

கருவிக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. வாசிப்பவருக்கு அவர் கேட்ட ஆசனம் எல்லாக் கோயில்களிலும் எல்லாத் திருமண மண்டபங்களிலும் கிடைத்துவிட்டதா என்பதை அவரவர் ஊரில் பார்த்தால் தெரியும். பந்தலின் ஓரத்தில், பேச்சொலிக்கு நடுவே, யாரும் கேளாத ஒரு தோடி இன்றும் எழுந்து அடங்குகிறது. அந்த வேளையில் பேச்சை நிறுத்திச் சில நிமிடம் செவி கொடுப்பவரே அந்தச் சக்கரவர்த்திக்கு உண்மையான அஞ்சலி செலுத்துபவர். பழைய தட்டின் ஒரு பக்கத்துக்கு ஆகும் நேரமே அதற்கும் போதும்.