சொகோட்டோவின் பேராசிரியை நானா அஸ்மாவு

ஆப்பிரிக்கா என்ற சொல்லைக் கேட்ட அளவில், எழுத்தறியாக் காட்டு நிலமொன்றை மனத்தில் வரைந்து கொள்ளும் பழக்கம் நம்மவரிடையே முற்றும் அகன்றுவிடவில்லை. அப்பழக்கத்தை விடுவதற்கு நானா அஸ்மாவு அம்மையாரின் வரலாறு ஒன்றே போதும் என்று கருதுகிறோம்.

இன்றைய நைஜீரியாவின் வடமேற்கில், அன்று கோபிர் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த டேகல் என்னும் சிற்றூரில் 1793-ஆம் ஆண்டு அம்மையார் பிறந்தார். தந்தையார், ஃபுலானி இனத்து மார்க்க மேதை ஷைகு உஸ்மான் டான் ஃபோடியோ (ரஹ்) அவர்கள். அம்மையார் இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவர். ஆண் மகவுக்கு ஹசன் என்று பெயரிட்டால் உடன்பிறந்த பெண் மகவுக்கு ஹுசைனா என்று பெயரிடுவது அந்நாட்டு வழக்கம். ஷைகு அவர்களோ, ஹிஜ்ரத்தின் போது குகையில் தங்கியிருந்த பெருமானார் (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தையார் அபூபக்கர் (ரலி) அவர்களுக்கும் உணவு கொண்டு சென்ற அஸ்மா (ரலி) அவர்களின் பெயரைத் தம் மகளுக்குச் சூட்டினார்கள்.

தம் மாணவர்களுக்கு ஓயாது கற்பித்துக்கொண்டே, சொந்த மனைவியரையும் மக்களையும் அறியாமையில் விட்டு வைக்கும் ஆலிம்களை ஷைகு அவர்கள் கடுமையாகக் கண்டித்தவர்கள். கண்டித்ததோடு நில்லாமல் தம் இல்லத்திலேயே வழிகாட்டினார்கள். அம்மையார் திருக்குர்ஆனை மனனம் செய்தார். அரபு, ஃபுல்ஃபுல்டே, ஹவுசா, தமாஷெக் ஆகிய நான்கு மொழிகளில் தேர்ந்தார்.

1804-இல், அம்மையார் இளஞ்சிறுமியாய் இருந்தபோது, கோபிர் மன்னருடன் பகை முற்றி ஷைகு அவர்களின் கூட்டத்தார் டேகலை விட்டு குடு என்னும் இடத்துக்கு ஹிஜ்ரத் செய்தனர். பின்னர் நான்காண்டுப் போர். 1808-இல் கோபிரின் தலைநகர் அல்கலாவா வீழ்ந்தது. அடுத்த ஆண்டில் சொகோட்டோ நகர் எழுந்தது. இதற்கிடையே அம்மையார் கிடாடோ டான் லைமா என்பாருக்கு மனைவியானார். 1817-இல் தந்தையார் மறைய, சகோதரர் முஹம்மது பெல்லோ கலீஃபாவானார். கிடாடோ அவருடைய வசீரானார்.

வெற்றிக்குப் பின்னரே உண்மையான சோதனை தொடங்கியது. வாளால் நாட்டைப் பிடிக்கலாம். உள்ளத்தைப் பிடித்தல் எளிதன்று. போரில் சிறைப்பட்ட பெண்கள் பலர் அடிமைகளாய் அவ்வீடுகளில் வாழ்ந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அது அக்காலத்தின் குறை. கணவரையும் மக்களையும் இழந்த அவர்களுக்குப் புதிய மார்க்கம் எதிரியின் மார்க்கமாகவே தோன்றியிருக்கும். அம்மையார் அவர்களைப் புறக்கணித்தாரல்லர். அவர்களுடைய மொழியாகிய ஹவுசாவிலேயே, மனப்பாடம் செய்தற்கு எளிய பாடல்களை இயற்றினார். திருக்குர்ஆன் அத்தியாயங்களின் பெயர்களையெல்லாம் ஒரே பாடலில் கோத்துத் தந்தார். தந்தையார் ஃபுல்ஃபுல்டேயில் பாடியவற்றை ஹவுசாவில் பெயர்த்தார். அம்மொழிகளை அரபு எழுத்திலேயே எழுதினர். அரபுத் தமிழை அறிந்த நம் பெரியோர்க்கு இது புதுமையாய்த் தோன்றாது.

நகரத்துப் பெண்களுக்கு இவ்வாறு வழி பிறந்தது. தொலைதூரச் சிற்றூர்களில் வாழ்ந்த பெண்களின் நிலை என்ன? இவ்வினாவிற்கு அம்மையார் கண்ட விடையே 'யான் தாரு' என்னும் மகளிர் அமைப்பு. ஊர்தோறும் நம்பிக்கைக்குரிய பெண்ணொருத்தியை 'ஜாஜி' எனத் தலைவியாக்கினார். ஜாஜி தன் ஊர்ப் பெண்களைக் கூட்டமாய் அழைத்துக்கொண்டு சொகோட்டோவுக்கு நடந்து வருவாள். தானியம், வெண்ணெய், தேன், பருத்தி எனத் தம்மால் இயன்றதைப் பெண்கள் கொண்டு வருவர். அவை ஏழைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும். பாடலாய்க் கற்ற பாடத்தை நெஞ்சில் சுமந்து ஊர் திரும்பி, வெளியே வர இயலாத இளம்பெண்களுக்கு வீடு தேடிச் சென்று கற்பிப்பர். பள்ளிக்கட்டடம் என்று ஒன்று கட்டப்படவேயில்லை!

ஒவ்வொரு ஜாஜிக்கும் அம்மையார் அளித்த அடையாளம் புல்லால் பின்னிய 'மல்ஃபா' என்னும் பெரிய தொப்பி. அது முன்னர் கோபிரில், 'போரி' என்னும் ஆவி வழிபாட்டின் பெண் தலைவி அணிந்தது. அதனை எரித்து ஒழிக்காமல், சிவப்புத் துணி சுற்றி ஆசிரியையின் சின்னமாக்கிய நுட்பத்தை எண்ணி நாம் வியக்கிறோம். தலைவிக்குரிய மதிப்பு அழியவில்லை, கல்விக்கு உரியதாயிற்று.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிய அம்மையாரின் படைப்புகளுள் அறுபதுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. அவை 1997-இல் ஆங்கிலத்தில் தொகுக்கப்பெற்றன. கலீஃபாவாகிய சகோதரருக்கு இரங்கற்பா பாடிய அதே கை, ஹவ்வாவு என்னும் ஒரு ஜாஜிக்கும் பாடியது. பெண்களைக் கல்விக்கு அழைத்து வந்ததையே அவளுடைய பெருமையாக அப்பாடல் போற்றுகிறது. நம் ஊர்களில் ஓதிக்கொடுத்தே மறைந்த எத்தனை பெண்மணிகளின் பெயரை நாம் எழுதி வைத்துள்ளோம்?

1864-இல் அம்மையார் இறையடி சேர்ந்தார். தங்கை மர்யம் அப்பொறுப்பை ஏற்றார். 1903-இல் ஆங்கிலேயர் சொகோட்டோவைக் கைப்பற்றிய பின்னரும், வட நைஜீரியாவில் யான் தாருப் பெண்கள் கூட்டமாய்ச் சென்று கற்பது நின்றுவிடவில்லை.